டவுட்டா, சஸ்பெக்ட்டா?

'சந்தேகத்தின் பேரில் கைது' என்று செய்தித்தாளில் வரும். பக்கத்திலேயே இன்னொரு வழக்கில் 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை' என்றும் வரும். ஒரே சொல்தான், ஒருவரை உள்ளே தள்ளுகிறது, இன்னொருவரை வெளியே விடுகிறது. தமிழில் நமக்கு இது குழம்புவதே இல்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு சஸ்பெக்ட், இரண்டாவதற்கு டவுட்.

எனக்கு இது உறைத்தது ஒரு மெயிலில். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் எங்களுக்கு அனுப்பிய பில்லில் வரியை இரண்டு முறை கூட்டியிருப்பதுபோலத் தெரிந்தது. 'ஐ டவுட் தட் த டாக்ஸ் இஸ் ஆடட் ட்வைஸ்' என்று எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது, பில் மாறவில்லை. வரி இரண்டு முறை சேர்ந்திருக்காது என்று நானே உறுதி சொன்னதாக அவர் படித்திருக்கிறார். பணம் போன பிறகு திரும்ப வாங்க நாலைந்து மெயில் ஆயிற்று.

பொதுவான ஆங்கிலத்தில் 'ஐ டவுட்' என்றால் 'இல்லை' பக்கம் சாயும், சஸ்பெக்ட் 'ஆமாம்' பக்கம். நான் அனுப்பும்முன் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். 'சேர்ந்திருக்காது' என்று முடிந்தால் டவுட். 'சேர்ந்திருக்கும் போலிருக்கே' என்று முடிந்தால் சஸ்பெக்ட். கணக்கு, குறைபாடு, தாமதம் பற்றி நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். அதனால் சஸ்பெக்ட்டையே வைத்துக்கொண்டேன்.

'ஐ ஹாவ் எ டவுட்' வேறு கதை. அங்கே நாம் கேட்பது கேள்வி. இங்கே எல்லோருக்கும் புரியும், ஸ்பானிய மொழிக்காரர்களும் தங்கள் மொழியில் இப்படித்தான் சொல்கிறார்கள். வெளியே எழுதும்போது மட்டும் கொஸ்டின் என்று போட்டுவிடுங்கள்.

டவுட்டை நாம்தான் கெடுத்தோம் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்துப் பேச்சில் 'ஐ டவுட் இட்'ல் ரெய்ன்' என்றால் மழை வரும்போல என்றுதான் பொருள். அப்படியே நம் சந்தேகம்!

சஸ்பெக்ட்டிலும் ஒரு சங்கடம் உண்டு. பில்லைப் பற்றி எழுதினால் சரி. ஆளைப் பற்றி எழுதினால் குற்றம் சாட்டுவதுபோல ஆகிவிடும். எனக்குப் பழக்கம் அலுவலக மெயில்களில்தான், அங்கே ஆள் சம்பந்தப்பட்டால் வெறும் 'ஐ திங்க்' போட்டுவிடுகிறேன்.