அலுவலகப் பணியாளருக்குத் தொழிற்சங்கம் எதற்கு? ஒன்பது ஆண்டு உறுப்பினரின் மதிப்புரை

தொழிற்சங்கத்தைச் சந்தா கட்டிப் பெறும் ஒரு சேவையாக வைத்து எடைபோடுவது சங்கப் பற்றாளர்கள் சிலருக்கு உவப்பாக இராது. ஆயினும் மேசை வேலை பார்ப்பவர்கள் சேர்வதற்கு முன் கேட்கும் முதல் கேள்வியே, "மாதாமாதம் பணம் கட்டினால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்பதுதான். அதற்கு நேரான பதில் சொல்லியாக வேண்டும். அலுவலகப் பணியாளர்களுக்கான ஒரு சங்கத்தில் நான் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆறு ஆண்டுகளில் சுற்றறிக்கைகளைப் படித்ததும், பொதுக்குழுவுக்கு இருமுறை சென்றதும் தவிர அதனிடம் எந்த உதவியும் நான் கேட்டதில்லை.

ஏழாம் ஆண்டில் ஒரு மாலை, 'செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்' என்ற தலைப்பில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதங்களில் "எதிர்பார்க்கப்படும் தரத்தை" நான் எட்ட வேண்டும் என்றும், எட்டாவிட்டால் மேல்நடவடிக்கை இருக்கும் என்றும் அதில் எழுதியிருந்தது. அன்றிரவே நான்கு பக்கத்துக்கு ஒரு பதிலை எழுதி வைத்துவிட்டேன். கிளைச் செயலாளரான அம்மையார் அதைப் படித்துவிட்டு, அனுப்ப வேண்டாம் என்றார். பிறகு நிறுவனம் அனுப்பிய கடிதத்தை வரி வரியாகப் படித்து, அந்தத் தரம் என்னவென்று எங்கும் சொல்லப்படவில்லை, அதை அளப்பவர் யார் என்பதும் இல்லை, இதற்கு முந்தைய ஆண்டு மதிப்பீட்டில் இதே வேலைக்கு நல்ல மதிப்பெண் தரப்பட்டிருக்கிறது என்று மூன்று குறைகளைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தார். என் நான்கு பக்கங்களில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. மனக்குமுறல் மட்டுமே இருந்தது.

மனிதவளத் துறையுடன் நடந்த கூட்டத்தில் அவர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். எனக்கான பதிலை நானேதான் சொன்னேன். கேள்வி தெளிவாக இல்லாதபோது அதை மீண்டும் கேட்கச் சொன்னார். நான் பதறியபோது பத்து நிமிட இடைவேளை கேட்டார். பேசியவற்றை எழுதி இருதரப்பும் கையெழுத்திட வேண்டும் என்றார். இலக்குகள் எண்களாகவும் தேதிகளாகவும் மாற்றி எழுதப்பட்டன. அவற்றை என்னால் எட்ட முடிந்தது, வேலையும் நிலைத்தது. சங்கம் என் வேலையைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது மிகை. எதை வைத்து என்னை அளக்கிறார்கள் என்பதை எழுத்தில் கொண்டுவர உதவியது. நான் வேண்டியதும் அதுதான்.

இப்படித் துணைக்கு ஒருவர் வருவதைச் சில நாடுகள் சட்ட உரிமையாகவே ஏற்றிருக்கின்றன. தண்டனைக்கு இட்டுச்செல்லக்கூடிய விசாரணையில் சங்கப் பிரதிநிதி உடனிருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1975-இல் உறுதிசெய்தது. பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டுச் சட்டம், ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டத்துக்குச் சங்க அலுவலரையோ சக ஊழியரையோ அழைத்துச்செல்ல வழிசெய்தது. நடத்தையையோ செயல்திறனையோ காரணம் காட்டி ஒருவரை நீக்குமுன் அவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டின் 158-ஆம் உடன்படிக்கை வகுத்த பொதுவிதி. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை. ஆகவே சேருமுன் உங்கள் நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று சங்கத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது.

குறைகளும் உண்டு. என் ஊதிய நிலை குறித்து அனுப்பிய மனுவுக்குப் பதில் வர ஐந்து மாதங்கள் ஆயின, வந்த பதிலும் பொதுவாகவே இருந்தது. ஒரே வேலைக்கு ஒரே ஊதிய விகிதம் என்ற அடிப்படையில் வளர்ந்த பேச்சுவார்த்தை முறை, ஆளுக்கொரு தொகை பேசி முடித்து அதை இரகசியமாக வைத்துக்கொள்ளும் அலுவலகங்களில் தடுமாறுகிறது. யார் எவ்வளவு பெறுகிறார் என்பது உறுப்பினர்களுக்கே தெரியாதபோது சங்கத்துக்கு மட்டும் எப்படித் தெரியும்? சட்ட உதவிக்கும் வரம்புண்டு. வெல்லும் வாய்ப்பு ஓரளவேனும் இருந்தால்தான் எங்கள் சங்கம் வழக்கறிஞரை அமர்த்தும். சேருவதற்கு முன்பே தொடங்கிவிட்ட சிக்கலை எடுத்துக்கொள்ளாது. கடிதம் கைக்கு வந்த பிறகு சேர ஓடிவந்த என் சகா ஒருவருக்கு அறிவுரை மட்டுமே கிடைத்தது. அந்த விதி கடுமையாகத் தோன்றினாலும், ஆண்டுக்கணக்கில் கட்டி வந்தவர்களை நினைத்தால் நியாயமானதே.

"நான் மேலாளர், எனக்குச் சங்கம் பொருந்தாது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முடிவெடுக்கும் அதிகாரம் ஏதுமின்றிப் பதவிப் பெயர் மட்டும் உயர்ந்திருப்பவர்கள் ஏராளம். சட்டமும் சில இடங்களில் அவர்களைத் தள்ளிவைப்பது உண்மைதான்: யெஷிவா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நிர்வாகத் தரப்பினர், ஆகவே ஊழியர்கள் சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்துடன் பேரம் பேச உரிமை தரும் கூட்டுப் பேரச் சட்டத்தின் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பட்டம் பெற்றவர்களுக்குச் சங்கம் பொருந்தாது என்பதை அனுபவம் பொய்யாக்குகிறது. சுவீடனில் பட்டதாரிப் பணியாளர்களுக்கென 1947-இல் தொடங்கிய 'சாக்கோ' கூட்டமைப்பில் மருத்துவர்களும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். அந்நாட்டில் இன்று உடலுழைப்புத் தொழிலாளரைவிட அலுவலகப் பணியாளரே அதிக விகிதத்தில் சங்கங்களில் இருக்கின்றனர். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் தொழில்முறை அமைப்பாகவும் பதிவுபெற்ற தொழிற்சங்கமாகவும் ஒருசேர இயங்குகிறது. தொழில்முறை அமைப்பில் மட்டும் உறுப்பினராக இருந்து, அதுவே போதும் என்று நினைப்பவர்கள், முதலாளியோடு தகராறு வந்தால் அது உடன்வருமா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

சேர நினைப்பவர் சந்தா குறைவா கூடுதலா என்று பார்ப்பதைவிட, தம் பணியிடத்தில் பயிற்சி பெற்ற பிரதிநிதி ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் கேட்கலாம். எனக்கு வாய்த்த அம்மையார் தம் முழுநேர வேலைக்கு நடுவே, ஊதியம் எதுவுமின்றி இதைச் செய்தார். அவர் இல்லாத தளத்தில் இதே உறுப்பினர் அட்டை ஒரு தொலைபேசி எண்ணாகச் சுருங்கியிருக்கும். அவர் அடுத்த ஆண்டு ஓய்வுபெறுகிறார். சந்தாவைப் புதுப்பித்தபோது, மனுக்களுக்குப் பதில் தரக் காலவரம்பு வேண்டும் என்று கிளைக்கு எழுதியதோடு, பிரதிநிதிகளுக்கான பயிற்சி வகுப்பில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.