அப்பப்பாவின் டயானா 27 எயார் ரைபிளைத் திருத்தக் கொடுத்த இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம்பிக் கொடுக்கலாம், ஆனால் அவசரக்காரர் அந்தப் பக்கம் போக வேண்டாம். மாங்குளம் சந்தியில் இருந்து ஒட்டுசுட்டான் ரோட்டில் கொஞ்சத் தூரம் போனால் ஒரு தகரக் கொட்டில் வரும். பெயர்ப்பலகை கிடையாது. லாண்ட்மாஸ்டர் உழவு மெசினும் நீர்ப்பம்பியும் திருத்துகிற இடம் என்றுதான் ஊருக்குத் தெரியும், எயார் ரைபிளும் பார்ப்பார் என்பதை நான் நாலு பேரிடம் விசாரித்துத்தான் அறிந்தேன்.

என்னிடம் இருப்பது அப்பப்பா விட்டுப்போன டயானா 27. ஜெர்மனியில் ராஸ்டாட்டில் செய்தது, 5.5 மில்லிமீற்றர், குழலை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றுகிற வகை. கச்சான் தோட்டத்துக் குரங்குகளுக்காக வாங்கியதாம். சண்டைக் காலம் முழுக்கக் கொழும்பில் மாமா வீட்டு அலுமாரிக்கு மேல் கிடந்ததால் தப்பிவிட்டது.

இதற்கு முன் டவுனில் ஒரு கடையில் கொடுத்து நல்லாக வாங்கிக் கட்டினேன். காற்றுப் போகிற ஓட்டைக்குள் என்ஜின் ஒயிலை ஊற்றித் தந்தார்கள். வீட்டில் வந்து அடித்தால் சீனவெடி மாதிரிச் சத்தம், குழல் வாயில் புகை. எனக்கோ வேகம் கூடிவிட்டது என்று சந்தோசம்! மாங்குளத்து ஐயா கேட்டுவிட்டுச் சிரித்தார். "லாண்ட்மாஸ்டருக்கு பிளக் இருக்கோ தம்பி? காத்தை அமத்தினால் சூடேறி டீசல் தானாய்ப் பத்துது. அதைத்தான் உன்ர துவக்குக்குள்ள செய்து வைச்சிருக்கிறாங்கள்." கழற்றிக் காட்டினார், பிஸ்டன் தலையில் இருந்த தோல் வொசர் கருகி, விரல் பட்டதும் அப்பளம் போல உதிர்ந்தது.

அதைவிடப் பெரிய கூத்து ட்ரிகரில். இந்த மொடலில் பிஸ்டனைப் பிடித்து நிற்பது மூன்று சின்ன இரும்புக் குண்டுகள், எங்களுடையதில் இரண்டுதான் இருந்தன. மற்றது அந்தக் கடைத் தரையில் எங்கோ உருண்டிருக்க வேண்டும். இப்படியே ஏற்றி வைத்திருந்தால் விரல் படாமலே வெடித்திருக்கலாம். ஐயா மைக்ரோமீற்றரால் அளந்து, அதே அளவுக் குண்டை ஒரு பழைய பெயாரிங்கில் இருந்து எடுத்தார், ஒன்றை மட்டும் மாற்றாமல் மூன்றையும் மாற்றினார். புது வொசரைத் தோலில் வெட்டி ஒரு இரவு எண்ணெயில் ஊற வைத்தார்.

மரப்பிடியில்தான் எனக்கு அவரிடம் மரியாதை கூடியது. உப்புத்தாள் போடவே இல்லை. பழைய வார்னிசை மரத்தைச் சுரண்டாமலே எடுத்து, லின்சீட் எண்ணெயை மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, திரும்பப் பூசி, இரண்டு கிழமை. எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிப் போடாமல் கம்பியில் விரித்துக் காயப்போட்டிருந்தார், சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்குமாம். கனடாவில் மச்சான் ஒருவர் லைசன்ஸோடு லீ-என்பீல்ட் நம்பர் 4 என்ற பழைய பட்டாளத்து ரைபிள் வைத்திருக்கிறார், ஒன்ராறியோ லோங் பிராஞ்சில் செய்த .303. வீடியோ கோலில் பிடியைக் காட்டினேன், "தேய்ச்சால் மரத்தில குத்தின கொம்பனி முத்திரையெல்லாம் போயிடும், மனுசனுக்கு வேலை தெரியும்" என்றார். அவருடைய ரைபிளில் ரவைக்குப் பின்னால் மூடி நிற்கிற போல்ட் தலையே 0 முதல் 3 வரை நாலு அளவில் வருமாம், சுடுவதற்கு முன் ரவைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் கேஜ் போட்டுப் பார்க்காமல் ரவை ஏற்றமாட்டாராம். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டும்போது துருப்பிடித்த துவக்கு வந்தால் மண்வெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்கிறோம், கனடாவில் அப்படிப் பழைய துவக்கையே காசு கொடுத்து வாங்கி எண்ணெய் பூசுகிறார்கள்.

ஐயா திருப்பித் தரும்போது மண் மூட்டைக்கு முன்னால் பால்பேணி வைத்து என்னைச் சுடவைத்தார். சுவரையோ கல்லையோ பின்னால் வைத்தால் ஈயம் திரும்பி வந்து கண்ணைப் பார்க்கும் என்றார். ஈயக்குண்டு போடும்போது மடித்த குழலை மற்றக் கையால் இறுக்கிப் பிடிக்கவில்லை என்று இரண்டு தரம் ஏச்சு வாங்கினேன், குழல் அடித்து மூடினால் விரல் போய்விடும்.

குறை இருக்கிறது. மூன்று கிழமை என்றவர் ஏழு கிழமை எடுத்தார். போன் எடுக்கமாட்டார், பில் தரமாட்டார். பின் சைட்டின் திருகு இன்னும் லூசுதான். கூலி 6,500 ரூபா, எனக்குப் பரவாயில்லை.

போகிறவர்கள் அனுமதிப் பேப்பரைக் கொண்டுபோங்கள், அதைப் பார்க்காமல் உறையைக்கூட அவிழ்க்கமாட்டார். இடியன் என்கிற நாட்டுத் துவக்கு, மிருகத்துக்குப் பொறியாய்க் கட்டிவைக்கிற கட்டுத்துவக்கு என்று போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையில் கொட்டில் பூட்டு.