செம்மண் விளையில் கடற்பாசிச் சாறு: ஓராண்டு அனுபவம்

குமரி மாவட்டக் களியக்காவிளையை ஒட்டிய எங்கள் விளையின் (தோட்ட நிலத்தின்) மண், வெட்டினால் செங்கல்லாக வரும் லேட்டரைட் செம்மண். இரண்டு பருவமழைகளும் கொட்டித் தீர்க்கும் இந்தச் சரிவில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) தங்குவதில்லை. அடுப்புச் சாம்பலை எவ்வளவு இட்டாலும் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) கழுவிக்கொண்டு போய்விடும். வீட்டின் பின்புறம் நான்கு சென்ட் இடத்தில் மிளகாய், வெண்டை, நீளப்பயறு, கத்தரி ஆகியவற்றை ரசாயன உரமின்றி வளர்த்து வரும் நான், உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோவின் சாகரிகா என்னும் கடற்பாசித் திரவத்தை ஓராண்டு தெளித்துப் பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

சிவப்பு, பழுப்புக் கடற்பாசிகளின் சாறே இத்திரவம். நம் கரையில் சாறு எடுப்பதற்காக வளர்க்கப்படும் சிவப்புப் பாசி கப்பாபைக்கஸ். பெப்சி நிறுவனம் அதன் வளர்ப்பில் முதலில் இறங்கியதால், ராமநாதபுரம் கடற்கரை மக்கள் அதைப் 'பெப்சிப் பாசி' என்றே சொல்கிறார்கள். மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்த்து 45 நாளில் அறுத்த பச்சைப் பாசியைப் பிழிந்து சாறும், எஞ்சிய சக்கையிலிருந்து, உணவுப் பொருள்களைக் கெட்டியாக்கப் பயன்படும் கராஜீனனும் எடுக்கும் முறையைக் கண்டவர்கள் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர்.

ஒரே நாளில் நட்டு ஒரே அளவு மாட்டுச்சாணம் இட்ட இரண்டு மிளகாய்ப் பாத்திகளில், ஒன்றுக்கு மட்டும் 1 லிட்டர் நீருக்கு 2 மி.லி. என்ற கணக்கில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறமும் நனையுமாறு தெளித்தேன். பெயர்த்து நட்ட நாற்றுகள் அந்தப் பாத்தியில் விரைவாக வேர்பிடித்துத் தலைதூக்கின. பூ உதிர்வு கண்கூடாகக் குறைந்தது. கத்தரியில் ஒப்பிடுவதற்குத் தெளிக்காத செடி எதையும் நான் விட்டுவைக்காததால், அதைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது.

ஆனால் இது செடிக்குச் சோறு அன்று. சாறு இருக்கிறதே என்ற நம்பிக்கையில் வெண்டைக்குத் தொழுவுரத்தை நிறுத்தியது என் பிழை. மூன்றே வாரத்தில் அடியிலைகள் மஞ்சளாயின. கடற்பாசியில் சாம்பல்சத்தும் நுண்சத்துகளும், வேரையும் தளிரையும் தூண்டும் ஆக்சின், சைட்டோகைனின் போன்ற பொருள்களும் உண்டு. தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகக் குறைவு. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து ஊற்றியபிறகே வெண்டை பச்சை திரும்பியது.

இதற்குமுன் ஒரு கடையில் எடைபோட்டு வாங்கிய உலர்ந்த பாசித்தூள் எனக்கு வருத்தத்தையே தந்தது. கழுவாமல் பொடித்த அந்தத் தூளைத் தொட்டிகளில் இட்ட பத்தே நாளில் மிளகாய் இலைகளின் விளிம்பு கருகி, மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. கடலோர ஊர்களில் கரையொதுங்கும் பாசியைத் தென்னைக்கு இடும் பழைய வழக்கத்தை நினைத்தே அதை வாங்கினேன்; தென்னை உப்பைத் தாங்கும், அந்த மணலில் மழை உப்பை இறக்கிவிடும், தொட்டியிலோ உப்பு போக வழியில்லை என்பதை அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. அத்தகைய பாசி கிடைத்தால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, சருகோடு கலந்து மட்கவைத்தே இட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை குறை சொல்வதற்கில்லை. 5 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 10 மி.லி. போதுமானதால், அடைமழை நாள்களில் தெளிப்பதை விட்டுவிட்டால் ஆண்டு முழுவதற்கும் கால் லிட்டர்கூடச் செலவாகவில்லை. தெளித்த அன்றிரவே மழை பெய்தால் அத்தனையும் வீண் என்பதால், இங்கே ஜூன், ஜூலை மாதங்களில் குப்பியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. வரும் புரட்டாசியில் மிளகாய் நாற்று நடும்போது மறுபடியும் வாங்குவேன். தொழுவுரக் குழியையும் அதற்கு முன்பே நிரப்பி வைத்திருப்பேன்.