செருகு மீட்டர்: கணக்கு சரி, ஞாபகம்தான் இல்லை

“ரெண்டு வீட்டிலும் நாலு பேர்தான். எனக்கு மட்டும் ஏன் கரன்ட் பில் இவ்வளவு வருகிறது? உன்னிடம் இருக்கும் மீட்டரை நானும் வாங்கட்டுமா?” என்று நண்பர் கேட்டிருந்தார். பிளக் பாயின்ட்டில் செருகி, அதன்மேல் சாதனத்தைச் செருகினால் அது எவ்வளவு கரன்ட் இழுக்கிறது என்று காட்டும் அந்தச் சின்ன மீட்டரைத்தான் சொல்கிறார். அதன் பட்டன் பேட்டரியை மறுபடியும் மாற்றிய கடுப்பில் இருக்கும்போது கேட்டுவிட்டார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பில்லைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதி இதன் புண்ணியம். செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்துவிட்டுப் பார்த்தால் வாட் கணக்கு அப்படியே நிற்கிறது. வெறும் 10 வாட்தான். ஆனால் இரவு பகலாக ஓடினால் 30 நாளில் 7.2 யூனிட். சுவிட்சை அணைக்கிற வீட்டுக்கும் அணைக்காத வீட்டுக்கும் அந்த வித்தியாசம் மாதாமாதம் நிற்கும். பழைய 75 வாட் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 27 யூனிட், கரன்ட் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் கொண்ட 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் 11கூட ஆகாது. ஆட்களை எண்ணிப் பில்லை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபிரிட்ஜ். கம்ப்ரசர் ஓடும்போது எண் ஏறும், நின்றதும் கிட்டத்தட்ட பூஜ்யம். வெயில் காலத்தில் அந்த ஓய்வு நேரம் சுருங்குவது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. ஃபிராஸ்ட் ஃப்ரீ என்பதால் பனியை உருக்கும் ஹீட்டர் அவ்வப்போது வேலை செய்யும். அந்தச் சில நிமிடம் கம்ப்ரசர் நிற்க, எண் மட்டும் சட்டென்று எகிறும். குளிரவைக்கும் பெட்டிக்குள் ஹீட்டர் ஓடுவதை முதல்முறை பார்த்தபோது அவ்வளவு சந்தோஷம்!

சரி, கடுப்புக்கு வருகிறேன். பேட்டரி தீர்ந்திருக்கும்போது ஒரு நொடி கரன்ட் போய் வந்தால் போதும், சேர்த்துவைத்த யூனிட் கணக்கு மொத்தமும் பூஜ்யம். ஃபிரிட்ஜ் ஒரு மாதத்துக்கு எவ்வளவு இழுக்கிறது என்பதை முழுசாகப் பார்க்க விடவே மாட்டேன் என்கிறது. பேட்டரி தீரப்போகிறது என்று ஒரு எச்சரிக்கையாவது காட்டலாம், அதுவும் இல்லை. திரையில் விளக்கும் கிடையாது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் பிடித்துத்தான் படிக்க வேண்டும். அளவு துல்லியமாக இருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நினைவில் வைக்காத அளவீட்டை வைத்து என்ன செய்வது?

அப்புறம், பில்லைத் தூக்கிவிடும் ஏ.சி.யையும் கீசரையும் இதில் செருகவே முடியாது. இது சின்ன பிளக்குக்கானது. மாதத்துக்கு மாதம் பில் மாறுவதற்கு முக்கியக் காரணமே அவைதான். 15 லிட்டர் கீசருக்கு வரும் தண்ணீர் 10 டிகிரி கூடுதலாகக் குளிர்ந்திருந்தால், ஒரு தொட்டிக்கு 0.17 யூனிட் அதிகம். தினம் இரண்டு தொட்டி என்றால் மாதம் 10 யூனிட். ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்தால் 30 நாள் பில் 34 நாள் பில்லாகிவிடும். யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும் அடுக்குக் கட்டணம் உள்ள இடங்களில் அந்தக் கூடுதல் யூனிட்டுகள் மேல் அடுக்கில் போய் விழும். பயன்பாடு கொஞ்சம் ஏறினாலே தொகை அதைவிட அதிகமாக ஏறுவது இதனால்தான்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். வாசல் மின் மீட்டரிலேயே சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டும். பக்கத்தில் 3200 இம்ப்/கிலோவாட் மணி என்பதுபோல் அச்சிட்டிருக்கும். அதாவது 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு சாதனத்தை மட்டும் போட்டு, ஒரு நிமிடம் எண்ணட்டும். 32 வந்தால் அது 600 வாட். ஏ.சி., கீசர் எல்லாவற்றுக்கும் இது செல்லும். ஃபிரிட்ஜுக்கு மட்டும் என் மீட்டரை இரவல் தருகிறேன். தினமும் ராத்திரி எண்ணைத் தாளில் குறித்துவைக்கட்டும்.