சாவு வீட்டுக்கு பைலோட வர்ற ஆளுங்ககிட்ட கவனமா இருங்க

ஹட்டன் பக்கம் தோட்டத்துல அம்மா அப்பாவ விட்டுட்டு கொழும்புல வேல செய்றவங்க இத கட்டாயம் வாசிங்க. சாவு விழுந்து பதினாறு முடியுறதுக்குள்ள ஒரு ஆள் லயத்துக்கு (தோட்டத்து லைன் வீட்டுக்கு) வருவாரு, கையில பைல், சட்டப் பையில ரெண்டு பேனா, பாத்தா லோயர் மாதிரியேதான் இருக்கும் ஆனா லோயர் இல்ல, கோர்ட் பக்கம் பெட்டிஷன் டைப் பண்ற ஆள். பேர் இங்க போடல, பொலிஸ்ல குடுத்திருக்கோம்.

எங்க அப்பா சீட்டு புடிச்சி, மாட்ட வித்து டவுனுக்கு வெளிய 10 பேர்ச்சஸ் காணி வாங்கி தன் பேருல உறுதி (காணிப் பத்திரம்) எழுதி வச்சிருந்தாரு. செக்ரோல்ல (தோட்டத்து வேலையாளுங்க பேர்ப் பதிவுல) பேர் இருக்கும்போதே செத்துப்போனதால ஈபிஎஃப், ஈடிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி) காசும் அப்பிடியே இருந்திச்சி. இந்தாளு வந்து அம்மாகிட்ட சொன்னது: "அக்கா, அண்ணன் மரண சாசனம் எழுதல, இனி காணி கவர்மென்ட்டுக்குதான், ஈபிஎஃப் எடுக்கவும் ப்ரொபேட் (மரண சாசனத்த கோர்ட் உறுதிப்படுத்திக் குடுக்குறது) வேணும், நம்ம தமிழாளுங்களுக்கு தேசவழமை சட்டம் வேற, பொம்பளைக்கு ஒண்ணும் தேறாது, நான் முடிச்சி தாரேன்." அம்மா பயந்து 60,000 ரூவா குடுத்திருக்காங்க, முத்திரை ஒட்டுன ரெண்டு வெத்துத் தாள்ல கையெழுத்தும் போட்டிருக்காங்க. பில்லுன்னு ஒண்ணு குடுத்தாரு, கொப்பில கிழிச்ச தாள், பென்சில்ல எழுதினது, "பேப்பர் விளம்பரம், முத்திரை, ஐயாமாருக்கு டீ செலவு". பேரும் இல்ல, திகதியும் இல்ல.

நான் லீவு போட்டு வந்து ஒரு உண்மையான லோயரம்மாவ பாத்தப்பதான் அவ்வளவும் பொய்னு தெரிஞ்சிச்சி. சாசனம் இல்லாம செத்தா சொத்து கவர்மென்ட்டுக்கு போகாது, 1876 கட்டளைச் சட்டப்படி பாதி மனைவிக்கு (புருஷனுக்கும் அதேதான்), மிச்ச பாதி பிள்ளைங்களுக்கு சமமா, ஆம்பள பொம்பளன்னு வித்தியாசமே இல்ல. தேசவழமை வடக்கு மாகாணத்து தமிழருக்கு, நம்ம மலையகத்து ஆளுங்களுக்கு பொதுச் சட்டம். ப்ரொபேட்ங்கிறதே சாசனம் இருந்தாதான், சாசனம் இல்லாத எங்களுக்கு அத எடுத்து தாரேன்னு காசு வாங்குன ஆள என்ன சொல்றது! சாசனம் இல்லாம கோர்ட்டுக்கு போக வேண்டி வந்தா செத்தவரோட சொத்த நிர்வகிக்க கோர்ட் குடுக்குற நிர்வாகக் கடிதம்னு வேற ஒண்ணு, அதுவும் மாவட்ட நீதிமன்றத்துல. ஈபிஎஃப்ல அப்பா பின்னுரித்தாளியா (தனக்குப் பொறகு காசு வாங்க வேண்டிய ஆளா) அம்மா பேர குடுத்திருந்தாரு, அப்பிடி இருந்தா கோர்ட்டே தேவையில்ல, தொழில் திணைக்களத்துக்கு நேரா போய் விண்ணப்பம் குடுக்கலாம். எங்களுக்கு அங்க இருந்த ஒரே தலையிடி, செக்ரோல்ல அப்பா பேர் ஒரு மாதிரி ஐடின்டில வேற மாதிரி, அது தோட்டத்துல பாதி பேருக்கு இருக்குற பிரச்சினை, உயிரோட இருக்கும்போதே சரி பண்ணிருங்க.

இதுக்கு நடுவுல அந்தாளு தம்பிகிட்ட "பழைய திகதி போட்டு அப்பா பேருல சாசனம் ஒண்ணு செஞ்சிரலாம், லயத்து வீட்டையும் சேத்து எழுதலாம்"னு வேற சொல்லியிருக்காரு. லயத்துக்கு நம்ம பேருல உறுதியே கெடையாது, அத யாருக்கு எழுதி வைக்கிறது? அதோட 1840 சட்டப்படி சாசனம்னா எழுதுறவரு நொத்தாரிசும் (பத்திரம் அத்தாட்சி பண்ற லோயர்) ரெண்டு சாட்சியும் ஒண்ணா இருக்கும்போது கையெழுத்து வைக்கணும், நொத்தாரிசு இல்லாட்டி அஞ்சு சாட்சி வேணும். செத்தவருக்கு பொறகு செய்றது பச்சக் கள்ளம், அதுல சாட்சின்னு கையெழுத்து வைக்கிற சொந்தக்காரனும் சேந்து உள்ள போவான்.

ரெண்டாவது தடவ அவரு கொண்டாந்த தாளெல்லாம் சிங்களத்துல. "காணி அம்மா பேருக்கு மாறுற பேப்பர்"னு சொல்லிட்டு அவசரப்படுத்தியிருக்காரு. நல்ல வேள தம்பி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புனான், சிங்களம் படிப்பிக்கிற எங்க மச்சான் வாசிச்சி பாத்தா அது அற்றோணித் தத்துவம், காணில அம்மாவோட பங்க விக்கிற அதிகாரம் அந்தாளுக்கு! வாசிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சி வெளங்கப்படுத்தாம நொத்தாரிசு அத்தாட்சி பண்ணக் கூடாதுன்னே சட்டம் இருக்கு, ஆனா அந்த தாள் வந்த எடத்துல நொத்தாரிசே இல்லையே.

கேஸ் போட்டாச்சின்னு யாராச்சும் சொன்னா கேஸ் நம்பர கேளுங்க. நாங்க கோர்ட் ரெஜிஸ்ட்ரில போய் பாத்தோம், அப்பா பேருல ஒரு கேஸும் இல்ல. லோயருக்கு காசில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, 1978 சட்டத்துல வந்தது, வருமானம் கொறைஞ்சவங்களுக்கு இலவசமா பாப்பாங்க.

அந்த ரெண்டு வெத்துத் தாளும் இன்னும் அவருகிட்டதான் இருக்கு. அதுனால பொலிஸ்ல என்ட்ரி போட்டோம், லோயரம்மா சொன்னபடி காணிப் பதிவகத்துல கேவியட்டும் (அந்தக் காணில யாராச்சும் பத்திரம் பதிய வந்தா எங்களுக்கு அறிவிக்கச் சொல்ற மனு) குடுத்திருக்கோம். காசு திரும்பி வரல. இதே மாதிரி பென்சில் பில்லு வாங்குனவங்க, வெத்துத் தாள்ல கையெழுத்து வச்சவங்க யாராச்சும் இருந்தா எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்க, பில்ல கிழிச்சி போட்றாதீங்க, தனித்தனியா போறத விட சேந்து ஒரே முறைப்பாடா குடுக்கலாம்.