சிங்காநல்லூர் டீக்கடை: பஜ்ஜி சுமார், பெஞ்சு பிரமாதம்

கோவை சிங்காநல்லூரில் எங்கள் தெருமுனைக் கடை இது. இஞ்சி டீ 15 ரூபாய். நுரை மீசையில் ஒட்டும். வாழைக்காய் பஜ்ஜிக்கு நான்கு மணிக்குள் போய்விடுங்கள். பிறகு ஒரே எண்ணெய். கிளாஸ் கழுவும் வாளியை எட்டிப் பார்க்காதீர்கள்.

நான் போவது மரபெஞ்சுக்காக. 2021இல் மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அ.தி.மு.க. கூட்டணிக்குப் போனபோது இரட்டை இலைக்காரர்கள் எல்லோருக்கும் டீ சொன்னார்கள். 2024இல் கோவை மக்களவைத் தொகுதியை தி.மு.க. பிடித்ததும் அந்தச் செலவு பெஞ்சின் மறுமுனைக்கு மாறியது. நடுவில் உட்காரும் எனக்கு இரண்டு முறையும் இலவசம்.

“சட்டசபைக்கு ஒரு கணக்கு, டெல்லிக்கு ஒரு கணக்குங்க” என்பார் மாஸ்டர். அவர் யாருக்குப் போட்டார் என்று கேட்டால், “சர்க்கரை எவ்வளவு போடட்டுங்க?”