பூஞ்சை லேபுக்கு பிரஷ்யன் புளூ சென்சார் வாங்கலாமா?

கேண்டிடா மாதிரி நோய் தரும் பூஞ்சைகளில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இது. நம் ரத்த வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்ல உருவாக்கும் ஆயுதங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒன்று, கிருமியோ கேட்டலேஸ் முதலான என்சைம்களை வைத்து அதை உடைத்துத் தள்ளிவிடும். எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்று கண்முன்னே பார்க்கத்தான் இந்தச் சென்சார் பட்டையை வாங்கினோம். சின்ன பீங்கான் பட்டை, அதில் அச்சடித்த மூன்று எலெக்ட்ரோடு, நடுவில் 4 மி.மீ. வட்டத்தில் பிரஷ்யன் புளூ என்ற நீல நிறமியின் பூச்சு. துளியில் பெராக்சைடு குறையக் குறைய மின்னோட்டமும் குறையும். 50 மைக்ரோலிட்டர் துளி போதும்.

இதுவரை 240 நானோமீட்டர் ஒளியைப் பெராக்சைடு எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அங்கே 1 மில்லிமோலார் பெராக்சைடு இருந்தாலும் உறிஞ்சல் 0.04 தான் காட்டும், உயிருள்ள செல்களைப் போட்டால் கலங்கலில் ஒளி சிதறி அந்த எண்ணும் ஆடும், அதனால் செல்லை உடைத்துச் சாறெடுத்து அளக்க வேண்டிவரும். இதற்குக் கலங்கல் ஒரு பொருட்டே இல்லை. வெறும் பிளாட்டினம் எலெக்ட்ரோடு என்றால் 0.6 வோல்ட் வரை போகணும், அங்கே அஸ்கார்பிக் அமிலம், யூரிக் அமிலம் எல்லாம் தாமும் மின்னோட்டம் தந்து குழப்பும். இது பூஜ்ஜியம் வோல்ட் பக்கத்திலேயே வேலையை முடித்துவிடுகிறது.

கேண்டிடா அல்பிகன்ஸின் சாதாரண வகையைப் போட்டதும் மின்னோட்டம் சரசரவென்று இறங்கியது. கேட்டலேஸ் மரபணு நீக்கிய வகையிலும் இறங்கத்தான் செய்தது, ஆனால் சோம்பலாக. மீதி வேலையைப் பார்ப்பது, பெராக்சைடை உடைக்க உதவும் மற்றப் பொருட்களான பெராக்ஸிரெடாக்சினா, குளூட்டாதயோனா என்று சென்சார் சொல்லாது, மொத்த வேகம் மட்டும்தான் தெரியும்.

சரி, குறைகள். பலமுறை பயன்படுத்தலாம் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள், நம்பாதீர்கள். pH 7.4 பஃபர் கரைசலில் நீலப் பூச்சு மெல்லக் கரையும், அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் தெரிந்த அளவு பெராக்சைடு விட்டுச் சரிபார்த்தே ஆகணும். பஃபரில் பொட்டாசியம் குளோரைடு கட்டாயம். செல்களை வளர்த்த ஊடகம் போக நன்றாகக் கழுவுங்கள். பெராக்சைடை அதிகமாக விட்டால் ஆக்சிஜன் குமிழி வட்டத்தின் மேலேயே ஒட்டிக்கொண்டு கோடு திடீரென்று குதிக்கும், அதைப் பூஞ்சையின் சாமர்த்தியம் என்று எழுதிவிடாதீர்கள்!

அப்புறம் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இழைப் பூஞ்சை. இழை விட்டதும் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும், ஒரு துளியில் எவ்வளவு இருக்கிறது என்றே சொல்ல முடியாது. வித்துகளோடு நிறுத்திக்கொண்டால் ஓரளவு தேறும்.

கேண்டிடாவுக்கு 4 நட்சத்திரம், ஆஸ்பெர்ஜில்லஸுக்கு 2.